முனியாண்டி சூலத்தில் மூன்று மெடல்

அன்று காலை எங்கள் காஜா பெராங் தெரு முனியாண்டி மரத்தடியில் இருந்தவர்கள்: என் அப்பா, அம்மா, நான், பூசாரி, எங்கிருந்தோ கூடிவிட்ட அக்கம்பக்கத்துப் பெண்கள், காக்கிச் சட்டை போட்ட ஓர் ஆபீஸர், அவருடைய கணக்கெழுதும் கிராணி. இல்லாதவர் என் அக்காள் புருஷன். மச்சானைச் சயாம் ரயில் ரோடு போட முன்பே பிடித்துக்கொண்டு போய்விட்டார்கள். அதன்பின் ஒரு சேதி இல்லை. அக்காளும் அங்கே இல்லை. வீட்டுக்குள் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தாள்.

ஜப்பான்காரன் மலாக்காவை ஆண்ட இரண்டாம் வருஷம் அது.

முதலில் அப்பாவைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். அவர் பள்ளிக்கூடம் போனதில்லை. எங்கள் குடும்பத்திலேயே அந்தப் படியை முதலில் மிதித்தவன் நான்தான். அப்பா பெண்டஹாரா சாலையில் ஒரு ஜவுளிக்கடைக்கு ஜாகாவாக இருந்தார். விடிய விடிய கடை வாசலில் கட்டில் போட்டுக் காவல் காக்கிற வேலை. ஆனால் நான் பிறப்பதற்கு முன்னால் நடந்த பெரிய சண்டையில் அவர் மதராஸ் பட்டாளத்தில் சேர்ந்து, கப்பலேறி, பாஸ்ரா பக்கம் போய்ச் சண்டை போட்டவர். "மூணு மெடலு வாங்குனவன்டா நான்" என்று அடிக்கடி சொல்வார். மெடல் எங்கே என்று கேட்டால் மட்டும் பேச்சை மாற்றிவிடுவார். எங்கேயோ அடகு வைத்து மூழ்கிப்போயிருக்கும் என்று நான் நினைத்துக்கொண்டேன்.

ஜப்பான்காரன் ஊருக்குள் நுழைந்த அன்று அம்மா வீட்டிலிருந்த இங்கிலீஷ் காகிதம் அத்தனையையும் அடுப்பில் போட்டாள். என் பள்ளிக்கூடப் புத்தகங்களோடு அப்பாவின் பட்டாளத்துக் காகிதமும் எரிந்தது. அவளைக் குறை சொல்ல முடியாது. வெள்ளைக்காரனுக்காகத் துப்பாக்கி பிடித்தவனைத் தேடுகிறான், கிடைத்தால் தலை இருக்காது என்று ஊரெல்லாம் பேச்சு. பிறகு வீடு வீடாக ஆள் கணக்கு எடுக்க வந்தார்கள். "பட்டாளத்துல இருந்தியா?" என்று கேட்டதற்கு அப்பா கையைக் கட்டிக்கொண்டு, "பட்டாளமா? நான் அதைக் கண்ணால பாத்ததுகூட இல்லைங்க. வெறுங் கூலி" என்றார். அப்படியே எழுதிக்கொண்டு போனார்கள். அன்றைக்கு அது எங்களுக்குப் பெரிய கெட்டிக்காரத்தனமாகத் தெரிந்தது.

கூலி என்று எழுதப்பட்டவர்களிலிருந்துதான் சயாமுக்கு ஆள் எடுப்பார்கள் என்று யாருக்குத் தெரியும்? முதலில் மச்சான் போனார். பிறகு ஒரு திங்கட்கிழமை அப்பாவின் பெயர் வந்தது. வியாழக்கிழமை காலை லோரி வரும், ஒரு பாயும் ஒரு சட்டியும் எடுத்துக்கொண்டு தயாராக இருக்க வேண்டும் என்று சொல்லிவிட்டுப் போனார்கள்.

அந்தச் சமயத்தில் பண்டார் ஹிலிரில், இந்தியாவை விடுவிக்கவென்று நம்மவர்கள் திரட்டிய படைக்கு ஆள் சேர்த்துக்கொண்டிருந்தார்கள். படையில் பெயர் ஏறிவிட்டால் சயாமுக்கு ஆள் பிடிக்கிறவர்கள் தொட மாட்டார்கள். அப்பாவுக்கு வயது தாண்டிவிட்டது. ஆனால் பழைய பட்டாளத்துக்காரர்களைப் பையன்களுக்கு டிரில் சொல்லிக்கொடுக்க வைத்துக்கொள்கிறார்கள் என்று கேள்விப்பட்டோம். செவ்வாய்க்கிழமை விடிந்ததும் விடியாததுமாக நானும் அப்பாவும் அங்கே போய் நின்றோம்.

கிராணி அங்கிருந்த ஆள் கணக்கின் நகலைப் புரட்டிப் பார்த்துவிட்டுச் சிரித்தார். "பெரியவரே, கூலி, படைச் சேவை இல்லைன்னு நீங்களே சொல்லி எழுதுனது இது. இப்ப பட்டாளம்கிறீங்க. சயாம்னதும் ஊர்ல எல்லாருக்கும் பட்டாளம் ஞாபகம் வந்துருது. நேத்து ஒருத்தர் நான் சுபேதார்னாரு. துப்பாக்கியக் குடுத்தா பூனைக்குட்டியத் தூக்குற மாதிரித் தூக்குறாரு!"

வரிசையில் நின்றவர்கள் எல்லாரும் சிரித்தார்கள். அப்பாவின் காது சிவந்துபோனது. உள்ளேயிருந்து ஆபீஸர் எட்டிப் பார்த்தார். சிரம்பான் பக்கத்துத் தமிழர் என்று பேச்சிலேயே தெரிந்தது.

"மெடல் ஏதாச்சும் உண்டா?"

"மூணு, சாப்" என்றார் அப்பா. அவர் வாயிலிருந்து 'சாப்' என்ற பட்டாளத்துச் சொல்லை அன்றுதான் முதன்முதலாகக் கேட்டேன்.

"கொண்டாங்க. அதுல உங்க நம்பரும் பேரும் வெட்டியிருக்கும். அதப் பாத்தா போதும், பதிவைத் திருத்திரலாம். மெடலையும் சேத்து எழுதிக்கலாம்."

"வெள்ளைக்காரன் குடுத்தது, சாப்."

"குடுத்தவன் எவனா இருந்தா என்ன? சண்டை போட்டது நீங்கதானே?"

எனக்குக் குதிக்க வேண்டும் போலிருந்தது. வெளியே வந்ததும், "எங்கப்பா இருக்கு? எந்தக் கடை? நான் ஓடிப்போய்க் கேக்குறேன்" என்று அவர் கையைப் பிடித்து இழுத்தேன். அப்பா நகரவில்லை.

"கடையில இல்லடா. முனியாண்டிகிட்ட இருக்கு."

அப்போதுதான் விஷயம் வெளியே வந்தது. எனக்கு முன்னால் பிறந்த இரண்டு ஆண்பிள்ளைகள் தங்கவில்லையாம். நானும் பால்குடி மாறுவதற்குள் காய்ச்சல் கண்டு, இன்றோ நாளையோ என்று கிடந்திருக்கிறேன். "எதை விடவே முடியாதோ அதைச் சாமிக்கு விடு, பிள்ளை நிக்கும்" என்று அந்தக் காலத்துப் பூசாரி சொல்ல, அப்பா மூன்று மெடல்களையும் கொண்டுபோய்ச் சூலத்தில் மாட்டிவிட்டார். காய்ச்சல் விட்டது. நான் நின்றேன்.

நினைவு தெரிந்த நாளிலிருந்து நான் அந்தச் சூலத்தைக் கும்பிட்டு வருகிறேன். எண்ணெயும் சந்தனமும் குங்குமமும் வருஷக்கணக்கில் ஏறி, அதில் தொங்குகிற வில்லைகள் கருகிய பணியாரம் மாதிரி இருக்கும். ஒன்றில் மட்டும் சிறகு வைத்த ஒரு பெண்ணின் வடிவம் மங்கலாகத் தெரியும். சிறகம்மன் என்று அதற்குப் பெயர் வைத்து, கல்யாணமாகாத பெண்கள் மஞ்சள் பூசிக் கும்பிடுவார்கள். அது என் அப்பாவின் மெடல் என்று எனக்கு எப்படித் தெரியும்?

அன்று சாயங்காலமே பூசாரியிடம் போனோம். அவர் எங்கள் தெருக்காரர்தான். பகலில் மாட்டுவண்டி ஓட்டுவார். கேட்டதும் இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டார்.

"அண்ணே, ஒங்க மவன் உசுருக்கு ஈடா மாட்டுனது. கழட்டுனா ஈடு போச்சு. நான் தொட மாட்டேன். நீங்களும் தொடாதீங்க."

வீட்டுக்கு வந்து சொன்னதும் அம்மா அதைவிட ஒரு படி மேலே போனாள். "எவனாச்சும் அந்தச் சூலத்துல கை வச்சான், நான் இங்கயே நாக்கப் புடுங்கிக்குவேன். ஒருத்தரக் குடுத்து ஒருத்தர மீக்கிறதா? அதெல்லாம் என்னால ஆகாது."

"யாரும் கழட்ட வேணாம்" என்றார் அப்பா. "நான் சயாமுக்கே போறேன். பாஸ்ராவுலேருந்து வந்தவன் சயாம்லேருந்து வர மாட்டேனா?"

உள்ளே அக்காள் தேம்பித் தேம்பி அழுகிற சத்தம் கேட்டது. எனக்கு ஆத்திரம் தாங்கவில்லை. நான் படித்தவன், எனக்கு இதிலெல்லாம் நம்பிக்கை கிடையாது, நானே கழற்றுகிறேன் என்று கத்திவிட்டு மரத்தடிக்குப் போனேன். போனேனே தவிர, கை நீளவில்லை. என் உயிரல்லவா அங்கே தொங்குகிறது? கொஞ்ச நேரம் முனியாண்டியின் முட்டைக் கண்ணை நானும், என்னை அவரும் பார்த்துக்கொண்டு நின்றோம். அப்போதுதான் பொறி தட்டியது. சாமி ஆபீஸுக்கு வர முடியாது. ஆபீஸர் சாமியிடம் வரலாமே!

புதன்கிழமை காலை சைக்கிளை எடுத்தேன். டியூப் கிடைக்காத காலம். செடிக்குத் தண்ணீர் விடும் ரப்பர் குழாயை வெட்டிச் சக்கரத்தில் கட்டியிருந்தேன். அது ஒவ்வொரு கல்லுக்கும் என் பல்லை ஆட்டிவைத்தது. வேகத்தில், பாலத்தில் நின்ற ஜப்பான் சிப்பாய்க்கு இறங்கிக் குனிந்து வணக்கம் சொல்ல மறந்துவிட்டேன். பளார் என்று விழுந்தது ஒன்று. கீழே விழுந்த சைக்கிளைத் தூக்கி, ஒன்றுக்கு இரண்டாகக் குனிந்துவிட்டு மறுபடியும் மிதித்தேன்.

ஆபீஸர் நான் சொன்னதை முழுவதும் கேட்டார். கன்னத்தில் பதிந்திருந்த விரல்களையும் பார்த்தார். பிறகு தொப்பியை எடுத்தார்.

"தெங்கேராவுல எனக்கொரு கூட்டம் இருக்கு. போற வழியில கொஞ்சம் சுத்திக்கிறேன். பதிவு திருத்தச் சாமிகிட்ட சாட்சி கேக்கப் போற ஆபீஸர் நான் ஒருத்தனாத்தான்யா இருப்பேன். யோவ் கிராணி, புஸ்தகத்த எடு!"

கரி எரித்து ஓடும் அவருடைய மோட்டார் காடியில், பின்னால் சைக்கிளைக் கட்டிக்கொண்டு, புகையும் தும்மலுமாக நாங்கள் காஜா பெராங்கில் வந்து இறங்கியபோது தெருவே திரண்டுவிட்டது. அப்பா புதுக் கைலி கட்டி, திருநீறு பூசி நின்றார். அம்மா அவர் பின்னால் நின்றாள். இதோ முடிந்துவிடும் என்று நினைத்தேன்.

கிராணி மூக்குக்கண்ணாடியைத் தூக்கிச் சூலத்தருகே குனிந்தார். "ஒண்ணும் தெரியலையே சார். ஒரே அழுக்கு." பையிலிருந்து பேனாக்கத்தியை எடுத்தாரோ இல்லையோ, பெண்கள் ஒரே கூச்சல். பூசாரி பாய்ந்து குறுக்கே நின்றார்.

"ஐயா, கத்தி படக்கூடாது!"

"கழட்டவும் கூடாது, சுரண்டவும் கூடாது" என்றார் ஆபீஸர். கைக்கடிகாரத்தைப் பார்த்தார். "அப்ப நான் எப்படித்தான்யா படிக்கிறது? எனக்கு நேரமில்ல."

அவர் காடிப் பக்கம் திரும்பினார். விடிந்தால் லோரி. பூசாரி தலையைச் சொறிந்தார், சூலத்தைப் பார்த்தார், அப்பாவைப் பார்த்தார், திடீரென்று தொடையில் ஓங்கி ஒரு தட்டுத் தட்டினார்.

"கழட்டக் கூடாதுன்னுதானே சொன்னேன்? குளிப்பாட்டக் கூடாதுன்னு எவன் சொன்னான்? சாமிக்கு அபிஷேகம் பண்ணி எத்தினி மாசமாச்சு! யக்கா, புளியக் கரைச்சுக் கொண்டா! சாம்பலு! எலுமிச்சம்பழம்!"

அப்புறம் பார்க்க வேண்டுமே! பெண்கள் நாலா பக்கமும் ஓடினார்கள். ரேஷன் அரிசிக்குக் கையேந்திக்கொண்டிருந்த தெருவில் எங்கிருந்துதான் அத்தனை புளி வந்ததோ. எதிர்ச் சாரியிலிருந்த மலாக்காச் செட்டி வீட்டு அம்மாளுக்குத் தமிழ் வராது, தலைமுறை தலைமுறையாக மலாய்தான். என்ன நடக்கிறது என்று கேட்டுத் தெரிந்துகொண்டு, தன் தோட்டத்து எலுமிச்சைகளை மடியோடு கொண்டுவந்து, "அம்பிக்லா, அம்பிக்!" என்று எடுத்துக்கொள்ளச் சொல்லிக் கொட்டினார். பூசாரி மந்திரம் சொல்லிக்கொண்டே புளியால் தேய்த்தார், சாம்பலால் தேய்த்தார், எலுமிச்சையைப் பிழிந்தார், இளநீரை ஊற்றினார். கரிய தண்ணீர் சூலத்தின் தண்டில் வழிந்தது. பிறகு பழுப்புத் தண்ணீர். பிறகு தெளிந்த தண்ணீர்.

இடப்பக்க முனையில் வெள்ளி பளிச்சென்று மின்னியது. தாடி வைத்த ஒரு முகம் எட்டிப் பார்த்தது.

"ஐயையோ, இது யாரு?" என்றாள் ஒரு பாட்டியம்மாள்.

"வெள்ளைக்கார ராசா" என்றார் அப்பா மெதுவாக.

"அட பாவி மனுசா! இத்தினி வருசமா இவனுக்கா நான் பொட்டு வச்சேன்?"

"சும்மா இரு ஆத்தா" என்றார் பூசாரி. "சாமி மேல இருக்கிற வரைக்கும் அவனும் சாமிதான்."

ஆபீஸருக்குச் சிரிப்பு அடங்கவில்லை. என்னை அழைத்து, "நீ படிச்சவனாமே, படி" என்றார். நான் கைகளைக் கட்டிக்கொண்டு, மெடலைத் தொடாமல், கழுத்தை வளைத்து அதன் விளிம்பில் கண்ணை ஓட்டினேன். முதலில் எண்கள். உரக்கப் படித்தேன். கிராணி எழுதினார். பிறகு எழுத்துகள். ஒவ்வொன்றாகக் கூட்டினேன். அது என் அப்பாவின் பெயர். எங்கள் குடும்பத்தில் எழுத்தைக் கண்டவன் நான்தான் முதல் என்று எத்தனை பெருமைப்பட்டிருக்கிறேன்! நான் பிறப்பதற்கு முன்பே எங்கள் பெயரை யாரோ வெள்ளியில் வெட்டி வைத்திருந்தார்கள். சிறகம்மனின் விளிம்பிலும் அதே எண், அதே பெயர்.

அதைப் படித்து முடிக்கும்போது மோட்டார் சைக்கிள் சத்தம் கேட்டது.

"ஜப்பான்காரன்!" என்று யாரோ அடித்தொண்டையில் சொன்னார்கள். ராணுவப் போலீஸ். பக்கத்தில் பெட்டி வைத்த வண்டி நேராக எங்களை நோக்கி வந்தது. சூலத்தில் வெள்ளைக்கார ராஜா முகம் கழுவிப் பொட்டில்லாமல் பளபளவென்று சிரித்துக்கொண்டிருக்கிறார்! அடுத்த கணம் பூசாரி குங்குமத் தட்டை அப்படியே சூலத்தின் மேல் கவிழ்த்தார். ராஜா, சிறகம்மன், பூசாரி, கிராணியின் மூக்குக்கண்ணாடி எல்லாம் ஒரே சிவப்பு. கூட்டம் முழுவதும் கையெடுத்துக் கும்பிட்டது.

அப்பா மட்டும் கும்பிடவில்லை. வண்டியிலிருந்து பூட்ஸ் இறங்கிய சத்தம் கேட்டதும் அவர் உடம்பு தானாக நிமிர்ந்துவிட்டது. குதிகால் சேர்ந்து, நெஞ்சு தூக்கி, பார்வை நேராக. வெறுங்கால், கைலி, நெற்றியில் பட்டை. அட்டென்ஷன்!

ஜப்பான்காரன் எங்கள் எல்லாரையும் விட்டுவிட்டு அவர் எதிரே போய் நின்றான். ஏதோ அதட்டினான். நான் அப்போது ஜப்பான் பாஷை வகுப்புக்குப் போய்க்கொண்டிருந்தேன். 'இவன் யார், சிப்பாயா' என்பது மட்டும் எனக்குப் புரிந்தது. ஆமாம் என்றால் யாருடைய சிப்பாய் என்பான். இல்லை என்றால் பொய் சொல்கிறாயா என்பான். அம்மா என் தோளைப் பிடித்த பிடியில் நகம் இறங்கியது.

ஆபீஸர் முன்னால் வந்து சல்யூட் அடித்தார். தெரிந்த அரைகுறை ஜப்பான் பாஷையில், தம் படையைக் காட்டுவது போல் நெஞ்சைத் தொட்டு, பிறகு அப்பாவைக் காட்டிச் சொன்னார்: எங்கள் ஹவில்தார். பையன்களுக்கு டிரில் சொல்லிக்கொடுக்கிறவர். சாமி கும்பிட வந்திருக்கிறார்.

ஜப்பான்காரன் நம்பவில்லை. விரலை ஒரு வட்டம் சுற்றிக் காட்டினான். அப்பா திரும்பினார் பாருங்கள்! வெறுங்காலால் அவர் தரையில் அறைந்த அறையில் மரத்திலிருந்த காக்கை பறந்தது. நாலு அடி நடந்தார், நின்றார், மறுபடியும் திரும்பினார், நாலு அடி வந்தார், நின்றார். கைலி கூடக் கலையவில்லை. ஜப்பான்காரன் தொண்டைக்குள் ஒரு உறுமல் உறுமினான். வண்டியை உதைத்துக்கொண்டு போய்விட்டான்.

சத்தம் தெருமுனை தாண்டியது. பிறகு பூசாரி சிரித்தார். அவர் பல்லிலும் குங்குமம். அவ்வளவுதான், தெருவே சிரித்தது. அம்மா ஒரே நேரத்தில் சிரித்தாள், அழுதாள், முனியாண்டியின் காலில் விழுந்தாள்.

ஆபீஸர் வியர்வையைத் துடைத்துக்கொண்டார். "யோவ் கிராணி, சீக்கிரம் எழுது. அவன்கிட்ட ஹவில்தார்னு வாயால சொல்லியாச்சு. புஸ்தகத்துல இல்லேன்னா என் தலைதான் போகும்."

கிராணி கண்ணாடியைத் துடைத்துவிட்டு, கூலி என்றிருந்ததை அடித்தார். பட்டாளத்தின் பெயர், எண் எல்லாம் எழுதினார். "மெடல் ரெண்டு" என்று சொல்லிக்கொண்டே எழுதப் போனார்.

"மூணு" என்றார் அப்பா.

"ரெண்டுதான் பெரியவரே தெரியுது."

"மூணு."

"ஏங்க, ரெண்டோ மூணோ, உசுரு பொழச்சா பத்தாதா?" என்று அம்மா பல்லைக் கடித்தாள்.

"ரெண்டுன்னா நான் கைநாட்டு வைக்க மாட்டேன், சாப்."

நான் தலையில் அடித்துக்கொண்டேன். பூசாரிதான் சட்டென்று நினைவு வந்தவராய், சூலத்தின் நடுமுனையில் குத்தியிருந்த காய்ந்த எலுமிச்சைகளை ஒவ்வொன்றாக உருவினார். அடியில் ஒரு நட்சத்திரம்! மறுபடியும் புளி, மறுபடியும் சாம்பல். அதன் முதுகிலும் அப்பாவின் பெயர். கிராணி அலுத்துக்கொண்டே மூன்று என்று எழுதினார். அப்பா கட்டைவிரலை மையில் தோய்த்து, ஏதோ கோட்டைக்கு முத்திரை வைப்பவர் போல அழுத்தி வைத்தார்.

மறுநாள் லோரி வந்தது. அப்பாவின் பெயரைக் கூப்பிடவில்லை. எங்கள் தெருவிலிருந்து வேறு நால்வர் ஏறினார்கள். என் சந்தோஷத்தை நான் வீட்டுக்குள் வைத்துக் கதவைச் சாத்திக்கொண்டேன். சண்டை முடிகிற வரை அப்பா பண்டார் ஹிலிர் திடலில் பையன்களுக்கு டிரில் சொல்லிக்கொடுத்தார். மெடல்களை அவர் திருப்பிக் கேட்கவே இல்லை. அவை இன்னும் சூலத்தில்தான் தொங்குகின்றன. இப்போது மறுபடியும் கறுத்துவிட்டன.

படிப்பு ஒன்று இருந்தால் எந்தக் கதவும் திறக்கும் என்று நம்பியிருந்தவன் நான். அன்று என் படிப்பு விளிம்பைப் படிக்க உதவியது, அவ்வளவே. சாமியை மீறாமல், ஆபீஸையும் விடாமல், நடுவில் புளியைக் கரைத்து வழி விட்டவர் ஒரு வண்டிக்காரர். அந்த அபிஷேகத்துக்கு உரிய காணிக்கையை முனியாண்டிக்கு முழுதாகச் செலுத்தினோம்: ஒரு சேவல், ஒரு படி அரிசி, சூடம், பூசாரிக்கு ஒரு வேட்டி, தெருவுக்கெல்லாம் சர்க்கரை போட்ட மரவள்ளிக்கிழங்கு. அப்பா இப்போது பக்கத்து அறையில் சுருட்டைப் பற்றவைத்துக்கொண்டு அம்மாவோடு சண்டை போட்டுக்கொண்டிருக்கிறார். அந்தச் சத்தத்தைக் கேட்கும்போதெல்லாம், இத்தனைக்கும் சேர்த்து எங்களுக்கு ஆனது ஜப்பான்காரன் அடித்த காகிதப் பணத்தில் ஐம்பத்திரண்டு வெள்ளிதான் என்று நினைத்துக்கொள்கிறேன்.